கஞ்சியும் காப்பியும்: வறுத்த அரிசிப் பானத்தின் பெயர் வரலாறு (அந்தமான் நிக்கோபார் தீவுகளை முன்னிறுத்தி)

1. முன்னுரை

சுக்குக் காப்பி, மல்லிக் காப்பி என்னும் தொடர்களை வேற்று மொழியில் பெயர்க்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் ஓர் இடர்ப்பாட்டை உடனே உணர்வார். காப்பித்தூள் சிறிதும் சேராமலே இப்பானங்கள் ஆக்கப்படுகின்றன. ஆயினும் தமிழர் இவற்றைக் காப்பி என்றே வழங்குகின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வேற்று மொழி வாசகர் சுக்குக் கலந்த காப்பி என்று பொருள் கொள்வார். குடிநீர் என்றோ கஷாயம் என்றோ பெயர்த்தால் மருந்து என்று எண்ணுவார். இரண்டும் மூலத்தின் பொருள் ஆகா.

இவ்வரிசையில் சேரும் பானங்களுள் ஒன்று வறுத்த அரிசியால் ஆவது. அரிசியைக் கருஞ்சிவப்பாக வறுத்து, இடித்து, கொதிநீரில் இட்டு வடித்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் குடிப்பது இதன் முறை. காப்பிக்கொட்டை வாங்க இயலாத வீட்டிலும், வாங்க இயன்றும் செலவைச் சுருக்க விரும்பும் வீட்டிலும் இது காப்பியின் இடத்தை நிரப்பவல்லது. ஆனால் அரிசியை வறுத்துக் காய்ச்சிக் குடிப்பது தமிழர்க்குப் புதிதன்று. நோயாளிக்கு நெற்பொரிக் கஞ்சியும் வறுத்த அரிசிக் கஞ்சியும் கொடுப்பது பழைய வழக்கம். ஒரே தானியம், ஒரே அடுப்பு, ஏறத்தாழ ஒரே செய்முறை. ஒன்று கஞ்சி எனப்படுகிறது, மற்றொன்று காப்பி எனப்படுகிறது. இப்பெயர் வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அதனால் என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகள் பொருத்தமான களமாக அமைகின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தொலைவில் உள்ள இத்தீவுகளில் அரிசி, காப்பி ஆகிய இரண்டுமே வெளியிலிருந்து வந்த பொருள்கள். கஞ்சி, காப்பி ஆகிய இரு சொற்களும் அவ்வாறே வந்தவை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபார் மொழிகள் ஆகியவற்றோடு தமிழ் நாள்தோறும் உறவாடும் இடம் இது. நிலப்பகுதியில் கலந்து கிடக்கும் வழக்குகளைத் தீவில் தனித்தனியே பிரித்து நோக்க இயலும்.

2. கஞ்சி என்னும் சொல்லின் பயணம்

கஞ்சி என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்ற தென்னிந்தியச் சொற்களுள் ஒன்று. 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துகீசிய மருத்துவர், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரைக் கொடுப்பதைக் குறிப்பிட்டு அதன் பெயரையும் பதிவு செய்துள்ளார். போர்த்துகீசிய மொழியில் இச்சொல் கான்ஜா என நிலைபெற்று, இன்று அரிசி இட்ட கோழிச் சாற்றைக் குறிக்கிறது. நோயாளிக்கு உரிய உணவு என்னும் பொருட்சாயல் அங்கும் நீங்கவில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல் வேறொரு திசையிலும் சென்றது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் கஞ்சியைப் பதிவு செய்வதோடு, 'கஞ்சி வீடு' எனப் பொருள்படும் தொடரையும் தருகிறது. அத்தொடர் இந்தியப் படைப்பிரிவுகளில் இருந்த காவல் அறையைக் குறித்தது. அங்கு அடைக்கப்பட்டவர்க்கு வழங்கிய உணவால் இப்பெயர் வந்தது என்பது அந்நூலார் விளக்கம். ஒரு தமிழ் உணவுச்சொல் ஆங்கிலத்தில் சிறையின் பெயராக மாறியது பொருண்மையியல் நோக்கில் கருதத்தக்கது.

இப்பொருள் அந்தமானில் மெய்யாகவே நிகழ்ந்தது. 1858 மார்ச்சில் போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 1896இல் தொடங்கிய செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1906இல் நிறைவுற்றது. அச்சிறையில் காலையில் கஞ்சி வழங்கப்பட்ட செய்தியை, அங்கு அடைபட்டிருந்த பாரீந்திர குமார் கோஷ் 1922இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். தமிழ்நாட்டில் உழவர் வீட்டின் இயல்பான காலை உணவாகவும் நோயாளியின் பத்திய உணவாகவும் இருந்த கஞ்சி, இத்தீவில் கைதிக்கு அளந்து ஊற்றப்பட்ட பங்காயிற்று.

நிக்கோபார் தீவுகளின் நிலை வேறு. தேங்காய், தாழையினப் பழம், கிழங்கு ஆகியவையே அங்குள்ள மக்களின் மரபுணவு. நெல் பயிரிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தேங்காயைக் கொடுத்து வணிகரிடமிருந்து அரிசியும் துணியும் பெற்றுக்கொண்டனர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர் 1756இல் இத்தீவுகளைத் தமதென அறிவித்தனர். 1869இல் ஆங்கிலேயர் கைக்கொண்டனர். ஆக, சோழமண்டலக் கரையில் இயல்பான உணவாக இருந்த அரிசி, நிக்கோபாரில் கடல் கடந்து வரும் பண்டமாக இருந்தது. எந்தப் பொருள் மலிவு, எது மாற்று என்பதை இடமே முடிவு செய்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

3. காப்பி என்னும் சொல்லின் பொருள் விரிவு

காப்பி என்னும் சொல் அரபு மொழியின் கஹ்வா என்பதிலிருந்து துருக்கி, ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்தது. அரபு அகராதி மரபு கஹ்வா என்பதை மதுவின் பெயர்களுள் ஒன்றாகவும் குறிக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபியர் இரவு வழிபாட்டில் விழித்திருக்கப் பருகிய பானத்துக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. ஒரு பானத்தின் பெயர் வேறொரு பானத்துக்குச் செல்வது இச்சொல்லின் வரலாற்றில் தொடக்கம் முதலே காணப்படுகிறது. சுக்கும் அரிசியும் காப்பி எனப்படுவது தமிழில் மட்டும் நேர்ந்த பிழை அன்று என்பதற்கு இதுவே போதிய விடை.

தமிழில் இச்சொல் இரு வடிவங்களில் உள்ளது. தமிழ்நாட்டில் காப்பி (எழுத்தில் காபி எனவும்), இலங்கையில் கோப்பி. பின்னது சிங்களத்தின் கோப்பி, டச்சு மொழியின் கோஃபி ஆகியவற்றோடு ஒப்பு நோக்கத்தக்கது. இலங்கை மலையகத்தில் 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மறைந்தும் கோப்பி என்னும் சொல் மறையவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள் நிக்கோபார்த் தொகுதியின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. காப்பி என்போரும் கோப்பி என்போரும் ஒரே தீவுக்கூட்டத்தில் வாழும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

அந்தமானில் காப்பிச் செடியும் முயன்று பார்க்கப்பட்டது. தண்டனைக் குடியேற்றக் காலத்தில் தேயிலை, லைபீரியக் காப்பி, கொக்கோ, மணிலா நார் முதலியவை சோதனையாகப் பயிரிடப்பட்டன. எனினும் தேங்காயும் பாக்கும் நெல்லும் பெற்ற இடத்தைக் காப்பி பெறவில்லை.

தமிழில் இச்சொல்லின் பொருள் விரிந்தமைக்கு மூன்று சான்றுகள் காட்டலாம். ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் 'காப்பி குடித்தல்' என்பது காலை உணவு உண்பதையே குறிக்கிறது. 'காப்பி குடிச்சாச்சா?' என்ற வினா பானத்தைப் பற்றியது அன்று. இரண்டு, சிற்றூர் வழக்கில் உள்ள 'காப்பித் தண்ணி' என்னும் தொடர். விருந்தினரிடம் 'ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்னும்போது, சொல்வது பண்டத்தின் பெயர், உணர்த்துவது உபசரிப்பு. மூன்றாவது சான்று வினைச்சொல்லில் உள்ளது. காப்பி 'போடு' என்கிறோம். கஞ்சி 'காய்ச்சு' என்கிறோம். 'கஞ்சி போடு' என்றால் துணிக்குக் கஞ்சி ஏற்றுவது என்று பொருளாகிவிடுகிறது. சுக்குக் காப்பி, மல்லிக் காப்பி ஆகியவை 'போடப்படுவன'. ஆகவே, தமிழ் பேசுவோர் மனத்தில் இவை காப்பி இனத்தைச் சேர்ந்தவை. கஞ்சி இனத்தைச் சேர்ந்தவை அல்ல. வினைச்சொல்லின் தேர்வு இதனைப் பெயர்ச்சொல்லைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

4. வறுத்தல் என்னும் எல்லை

கஞ்சிக்கும் காப்பிக்கும் இடையே எல்லையிடுவது வறுத்தலின் அளவு ஆகும். பச்சரிசியை நீரில் வேகவைத்தால் அதன் மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழைந்து தடிப்பாகிறது. அதுவே கஞ்சி. உலர்ந்த நிலையில் நெடுநேரம் வறுக்கும்போது மாப்பொருளின் நீண்ட தொடர்கள் உடைந்து டெக்ஸ்ட்ரின் எனப்படும் சிறு கூறுகளாகின்றன. இவை நீரில் எளிதில் கரையும். தடிப்பாக்கும் ஆற்றல் இவற்றுக்குக் குறைவு. எனவே கருஞ்சிவப்பாக வறுத்த அரிசியின் பொடி கொதிநீரில் நீர்த்த, வடித்தெடுக்கக்கூடிய சாற்றைத் தருகிறது. மேலும், தானியத்தில் உள்ள புரதக் கூறுகளும் சர்க்கரைக் கூறுகளும் வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு அறிவியலார் லூயி கமீய் மயார் 1912இல் விளக்கிய இவ்வினையே காப்பிக்கொட்டையின் நிறத்துக்கும் மணத்துக்கும் பெரும்பங்கு அளிப்பது.

காப்பியைப் போன்ற நிறம், காப்பியைப் போன்ற கசப்புக் கலந்த மணம், காப்பியைப் போன்று நீர்த்த நிலை ஆகிய மூன்றும் வறுத்தலால் அரிசிக்குக் கிடைக்கின்றன. கிடைக்காதது காஃபின் என்னும் ஊக்கப்பொருள் ஒன்றே. குழந்தைக்கும் முதியவர்க்கும் இரவிலும் கொடுக்க ஏற்றது என்று இத்தகைய பானங்கள் பாராட்டப்படுவதும், காப்பிக்குப் பழகியவர் இவற்றால் நிறைவு அடையாமையும் இவ்வொரு காரணத்தாலேயே.

செய்முறையைக் கூறும் வினைத்தொடரும் இதனோடு மாறுகிறது. கஞ்சிக்குக் களைதல், உலையிடல், காய்ச்சுதல். காப்பிக்கு வறுத்தல், அரைத்தல், வடித்தல் அல்லது இறக்குதல், ஆற்றுதல். வறுத்த அரிசி இரண்டாம் வினைத்தொடரை முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. சட்டியில் இலேசாக வறுத்து நொய்யாக உடைத்துக் காய்ச்சினால் அது வறுத்த அரிசிக் கஞ்சி. நன்கு வறுத்துப் பொடியாக்கி வடித்தால் அது அரிசிக் காப்பி. பொருள் ஒன்றாயினும் எந்த வினைத்தொடருக்குள் அது நுழைகிறது என்பதே பெயரை முடிவு செய்கிறது எனலாம்.

5. தொகைச்சொல்லின் இலக்கணம்

காப்பியை இறுதியாகக் கொண்ட தொகைகள் மேற்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் அவற்றின் உட்பொருள் உறவுகள் வேறானவை. பால் காப்பி என்பது பாலைக் கலந்த காப்பி. பில்டர் காப்பி என்பது பில்டரால் இறக்கிய காப்பி. கடுங்காப்பி, வரக்காப்பி என்பவை பால் சேராத காப்பியைக் குறிப்பன. இவற்றில் முன்னுள்ள சொல் பண்பை உணர்த்துகிறது. இவை அனைத்திலும் காப்பிக்கொட்டை உண்டு. முன்னிற்கும் சொல் கூடுதலான ஒரு செய்தியைத் தருகிறதே அன்றித் தலைச்சொல்லின் பொருளை மாற்றுவதில்லை.

சுக்குக் காப்பி, மல்லிக் காப்பி, அரிசிக் காப்பி என்பவற்றில் உறவு பொற்குடம் என்பதை ஒத்தது. பொன்னால் ஆகிய குடம் பொற்குடம். அரிசியால் ஆகிய காப்பி அரிசிக் காப்பி. குடம் என்பது எப்பொருளால் ஆயினும் வடிவால் குடமே ஆவது போல, இங்குக் காப்பி என்பது பண்டத்தின் பெயராக இல்லாமல் பான வடிவத்தின் பெயராகிவிட்டது. இவ்விலக்கண மாற்றமே சொற்பொருள் விரிவின் உறுதியான அடையாளம். கருப்பட்டிக் காப்பி இரு வகைக்கும் இடைப்பட்டது. சில வீடுகளில் அது கருப்பட்டி சேர்த்த காப்பி. வேறு சில வீடுகளில் காப்பித்தூளே இல்லாமல் சுக்கும் மல்லியும் இட்டுக் கருப்பட்டியோடு காய்ச்சியது. சூழல் தெரியாமல் இத்தொடரை மொழிபெயர்க்க இயலாது.

தூய தமிழாக்க முயற்சியில் தோன்றிய குளம்பி, கொட்டை வடிநீர் ஆகிய சொற்களை இங்கு ஒப்பு நோக்கலாம். இவை காப்பிக்கொட்டையின் வடிவத்தையோ கொட்டை என்னும் மூலப்பொருளையோ அடிப்படையாகக் கொண்டவை. எனவே சுக்குக் குளம்பி, அரிசிக் கொட்டை வடிநீர் என்னும் தொகைகள் பொருந்தி வரவில்லை. கடன்சொல்லாகிய காப்பி மக்கள் வழக்கில் வேரூன்றியமைக்கு அதன் பழக்கம் மட்டுமன்றி, தன் மூலப்பொருளை மறந்து நிற்கும் அதன் நெகிழ்ச்சியும் காரணம் எனக் கருத இடமுண்டு.

6. சிக்கனமும் பஞ்சமும்

தானியக் காப்பிக்கு இந்தியாவில் கிடைக்கும் தெளிவான எழுத்துச் சான்றுகளுள் ஒன்று காந்தியடிகளுடையது. 1913இல் இந்தியன் ஒப்பீனியன் இதழில் குஜராத்தியில் அவர் எழுதிய உடல்நலக் கட்டுரைகள் 1921இல் சென்னையில் ஆங்கில நூலாக வெளிவந்தன. தேநீர், காப்பி, கொக்கோ ஆகியவற்றை மறுக்கும் அவர், அவற்றுக்கு ஈடாகக் கோதுமையைச் சிவந்து கருமை படரும் வரை வறுத்துக் காப்பியைப் போல் பொடித்துப் பயன்படுத்தும் முறையைக் கூறுகிறார். காப்பியை விலக்கச் சொன்னவரே அதன் மாற்றுக்குக் காப்பி என்னும் பெயரை நீக்கவில்லை. வழக்கத்தை விடுவதைவிடப் பெயரை விடுவது கடினம் என்பதை இது காட்டுகிறது.

அரிசிக் காப்பி எத்தகைய தட்டுப்பாட்டுக்கு உரியது என்பதைத் தெளிவாக்க 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் உதவுகின்றன. போரினால் ஐரோப்பியச் சந்தையை இழந்த இந்தியக் காப்பியை உள்நாட்டில் விற்பதற்காக 1940இல் அவசரச் சட்டமும் 1942இல் காப்பிச் சந்தை விரிவாக்கச் சட்டமும் வந்தன. ஆகவே அக்காலத்தில் இந்தியச் சந்தைக்குக் காப்பிக்கொட்டை மிகுதியாகவே இருந்தது. குறைந்தது அரிசி. 1942 மார்ச் மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசியின் வரவு நின்றது. போர்க்காலம் என்றாலே அரிசியை வறுத்துக் காப்பியாக்கிய காலம் என்று பொதுவாக எண்ணுவது இதனால் பொருந்தாது.

அதே மார்ச் 23ஆம் நாள் அந்தமானும் ஜப்பானியர் கைக்குச் சென்றது. நேச நாடுகளின் கடல் முற்றுகையால் கப்பல் வரவு குன்றி, 1945இல் தீவில் உணவுத் தட்டுப்பாடு உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், உண்ணும் வாய்களைக் குறைக்கும் நோக்கில் நூற்றுக்கணக்கானோர் படகுகளில் ஏற்றப்பட்டு, ஹேவ்லாக் தீவின் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) அருகே கடலில் இறக்கிவிடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். 1945 அக்டோபரில் போர்ட் பிளேயரில் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்த பின்னரே அக்கொடுமை முடிவுற்றது. அரிசியே இல்லாத அந்நிலையில் அரிசிக் காப்பி என்னும் பேச்சுக்கு இடமில்லை.

எனவே சிக்கனத்தையும் பஞ்சத்தையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். அரிசி இருந்து காப்பி இல்லாத வீட்டில், அல்லது காப்பிக்குரிய பணத்தை வேறு செலவுக்கு ஒதுக்கும் வீட்டில் தோன்றுவது அரிசிக் காப்பி. அங்கே தேர்வு உண்டு. பஞ்சத்தில் தேர்வு இல்லை. கிழங்கும் தழையும் உண்ணப்படும்போது அவற்றுக்குச் சிறப்புப் பெயரிட எவரும் முனைவதில்லை. ஒரு சமூகம் மாற்றுப் பானத்துக்குக் காப்பி என்னும் பெயரைச் சூட்டுகிறது என்றால், அது இன்னும் விருந்தினரை எதிர்பார்க்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள்.

7. பிற மொழிகளின் பெயரீடு

காப்பிக்கு மாற்றுத் தேடிய வரலாறு ஐரோப்பாவில் நெடியது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1777இல் காப்பிக்கு எதிராக ஆணை பிறப்பித்தார்; 1781இல் காப்பி வறுப்பதை அரசின் தனியுரிமை ஆக்கினார். திருட்டுத்தனமாக வறுப்போரை மணத்தால் கண்டுபிடிக்க ஆட்கள் அமர்த்தப்பட்டனர். 1806இல் நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் பிரான்சில் சிக்கரி பரவியது. ஜெர்மன் மொழியில் வாற்கோதுமைக் காப்பி, ஓக்கு விதைக் காப்பி போன்ற பெயர்களோடு எர்சாட்ஸ் காப்பி என்னும் பொதுப்பெயரும் உண்டு. எர்சாட்ஸ் என்பதற்கு ஜெர்மனில் ஈடு என்பதே பொருள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலத்துக்குள் பரவிய அச்சொல் அங்குப் போலி, மட்டம் என்னும் இழிபொருளை ஏற்றது. ஜப்பானிய மொழியிலும் போர்க்காலத்தில் சோயா முதலியவற்றை வறுத்து ஆக்கிய பானம் தையோ கோஹீ, அதாவது ஈட்டுக் காப்பி எனப்பட்டது.

அரிசி உண்ணும் நாடுகளில் வறுத்த அரிசிப் பானத்தின் பெயர், அந்நாட்டில் மதிப்புப் பெற்ற பானம் எது என்பதைப் பொறுத்து அமைகிறது. பிலிப்பைன்சில் அது கப்பேங் பிகாஸ், அரிசிக் காப்பி. ஜப்பானில் தேயிலையோடு வறுத்த அரிசி சேர்த்தது கென்மாய்ச்சா, உமி நீக்கிய பழுப்பரிசித் தேநீர். கொரியாவில் பானையின் அடியில் பிடித்த சோற்றில் நீர் ஊற்றிக் காய்ச்சியது சுங்நியுங். அது எந்தப் பானத்தின் பெயரையும் இரவல் பெறவில்லை. மடகாஸ்கரில் அதே முறையில் ஆவது ரானோவோலா; அப்பெயரின் முதற்கூறாகிய ரானோ நீரைக் குறிப்பது. மூலிகைச் சாற்றைக் குறிக்கும் டிசான் என்னும் பிரெஞ்சுச் சொல் இதற்கு எதிர்த்திசையில் வந்தது. உமி நீக்கிய வாற்கோதுமையையும் அதன் கஞ்சியையும் குறித்த கிரேக்கச் சொல்லே அதன் மூலம். ஐரோப்பாவில் கஞ்சியின் பெயர் இலைச்சாற்றுக்குச் சென்றது. தமிழில் கொட்டைச்சாற்றின் பெயர் கஞ்சித் தானியத்துக்கு வந்தது.

இவ்வொப்பீட்டில் தமிழ் வீட்டு வழக்கின் தனித்தன்மை ஒன்று புலனாகிறது. ஈட்டுக் காப்பி, போலிக் காப்பி என்னும் பொதுப்பெயர் அதில் நிலைபெறவில்லை. சுக்கு, மல்லி, அரிசி என்று பொருளின் பெயரே முன்னிற்கிறது. இல்லாத ஒன்றைச் சுட்டாமல் இருப்பதைச் சுட்டும் பெயரீடு இது.

8. அடைச்சொல்லும் கலப்படமும்

பொருளின் பெயர் முன்னிற்பது அறநோக்கிலும் இன்றியமையாதது. வறுத்த புளியங்கொட்டையையும் பேரீச்சங்கொட்டையையும் காப்பித்தூளில் கலந்து விற்பது நெடுங்காலமாக அறியப்பட்ட கலப்படம். அதே கொட்டைகளை வீட்டில் வறுத்துப் பேரீச்சங்கொட்டைக் காப்பி என்று சொல்லிக் கொடுத்தால் அது சிக்கனம். பண்டம் ஒன்றே. அடைச்சொல் ஒலிக்கப்பட்டதா, மறைக்கப்பட்டதா என்பதே வேறுபாடு.

1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் 1955இல் வந்த விதிகளிலும், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் இக்கருத்தே இடம்பெறுகிறது. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. கலவை என்பதும் சிக்கரியின் அளவும் சிப்பத்தின் மேல் குறிக்கப்பட வேண்டும். வணிகத்தில் சட்டம் கட்டாயப்படுத்தும் நேர்மையை வீட்டு மொழி ஒரு தொகைச்சொல்லின் முன்பகுதியில் தானாகவே வைத்திருக்கிறது.

9. மொழிபெயர்ப்புக்குச் சில குறிப்புகள்

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர்க்கு மூன்று பரிந்துரைகள் கூறலாம்.

முதலாவதாக, காப்பியில் முடியும் தொகை எதிர்ப்படின், அதில் காப்பித்தூள் உண்டா என்பதை முதலில் தெளிய வேண்டும். கலத்தற் பொருள், கருவிப் பொருள், பண்பு, ஆக்கற் பொருள் ஆகிய நான்கனுள் எது என அறிந்த பின்னரே பெயர்த்தல் தகும்.

இரண்டாவதாக, ஆக்கற் பொருளில் வரும் தொகையைப் போலி, மட்டம் என்னும் சாயல் உடைய சொல்லால் பெயர்த்தல் கூடாது. மூலத்தில் இல்லாத இழிவு அதனால் நுழைந்துவிடும். கதையில் ஒரு தாய் தன் மகனின் ஆசிரியருக்கு அரிசிக் காப்பி கொடுக்கிறாள் என்றால், தன்னிடம் உள்ளதை மறைக்காமல் மரியாதையோடு கொடுக்கிறாள். பெயர்ப்பில் அது போலிக் காப்பி ஆகுமாயின் அவள் ஏமாற்றுபவள் ஆகிறாள். கஞ்சி ஆகுமாயின் இரங்கத்தக்கவள் ஆகிறாள். காப்பி என்னும் தலைச்சொல்லைக் காத்து, வறுத்த அரிசி என்னும் செய்தியை முன்னே வைப்பதே ஏற்றது.

மூன்றாவதாக, வட்டார வடிவங்களை ஒருமைப்படுத்துதல் தவிர்க்கத்தக்கது. காப்பி, கோப்பி, காப்பித் தண்ணி, தேத்தண்ணி என்பவை பேசுவோரின் வழித்தடத்தை உணர்த்துவன. அந்தமான் போன்ற பன்மொழிச் சூழலில் இவ்வேறுபாடு குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. அங்குப் பொதுமொழியாக வழங்கும் இந்துஸ்தானியில் சாய் என்னும் ஒரு சொல்லே உபசரிப்புக்குப் பொதுவாக நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் கச்சால் தீவு பேரழிவுக்கு உள்ளாயிற்று. குடியிருப்புகள் இடம் மாறும்போது வீட்டுச் சொற்களும் இடம் மாறுகின்றன, சில மறைகின்றன. அகராதியில் ஏறாத இத்தகைய தொகைகளைச் செய்முறையோடும் வினைச்சொல்லோடும் சேர்த்துத் தொகுப்பது மொழியியலார் காலம் தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.

10. முடிவுரை

அரிசியை வறுக்கும் வழக்கம் பழையது. அதற்குக் காப்பி என்று பெயரிடும் வழக்கம் புதியது. கஞ்சி என்னும் சொல் பத்தியத்தையும் வறுமையையும், அந்தமானில் சிறையையும் சுமந்து வந்தது. காப்பி என்னும் சொல் வரவேற்பையும் சமநிலையையும் உணர்த்தியது. செலவைச் சுருக்கிய வீடு, தான் கொடுக்கும் பானத்தை முதற்சொல்லின் வரிசையிலிருந்து எடுத்து இரண்டாம் சொல்லின் வரிசையில் வைத்தது. ஆனால் அரிசி என்பதை மறைக்கவில்லை. தலைச்சொல் விருந்தினர்க்கு மதிப்பளிக்கிறது, அடைச்சொல் உண்மையைக் கூறுகிறது. இவ்விரண்டில் எதனைக் கைவிட்டாலும் அப்பெயர்ப்பு குறையுடையதாகவே அமையும்.